ஒன்றுக்கு நிற்காத தூரம்

வொம்பாட் கனசதுரமாகக் கழியுமாம்.
காலை ஆறு மணிக்கு வெய்க்கா அனுப்பியது.
ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன், போயிற்று.
"முனை குத்தாதா?" என்றாள் இல்தா.
தூரே ஒரு பகடையின் படம் போட்டான்.

கெமி நகரத்தில் எங்களுக்கு
இப்படித்தான் விடியும்,
டிசம்பரில் சூரியன் சோம்பினாலும்.

நாலு பேர். ஒரே விதி:
எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூடாது.
அதெல்லாம் பல் மருத்துவர் கேட்பது.

பனிமானின் கண் கோடையில் பொன், குளிரில் நீலம்
என்று நான் போட்ட அன்று
தூரே காரை நிறுத்தி
ஒன்றின் முகத்தில் டார்ச் அடித்தான்.
அது திரும்பி நின்று
பின்புறம் காட்டிய படமும் வந்தது.
அதன் நிறம் பற்றித் தகவல் இல்லை.

பிறகு காகித ஆலையை மூடினார்கள்.
ஒன்பது நாள் வெய்க்காவிடமிருந்து எதுவும் இல்லை.
பத்தாம் நாள், இரவு இரண்டு மணி:
"ஆக்டோபஸுக்கு மூன்று இதயம்.
நீந்தும்போது ஒன்று நின்றுவிடும்."

கீழே அந்த மஞ்சள் சிரிப்பு மூஞ்சி இல்லை.

இல்தா எதையோ தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள்.
நான் இன்னொரு காலுறையைத் தேடிக்கொண்டே எழுதினேன்:
"லாப்லாந்தில் பழைய அளவு ஒன்று உண்டு.
பனிமான் ஒன்றுக்கு நிற்காமல் ஓடும் தூரம்,
ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர்.
உன் வீடு எனக்கு அதில் மூன்று."

கதவைத் திறந்தவனிடம்
விதியை மீறிவிடுவேன் போலிருந்தது.
அதற்குள் அவனே கேட்டான்:
"வழியில் ஒன்றுக்கு நின்றாயா?"

"இரண்டு தரம்."

விரல்விட்டு எண்ணிப் பார்த்து,
"கணக்கு சரி" என்று
உள்ளே விட்டான்.