பனியில் இரண்டு குழிகள்

சர்க்கரை ஆலையை மூடிய இலையுதிர்காலத்தில்
படுக்கையில் விழுந்தவன் நான்.
வோல்கா உறைந்து, அதன்மேல் லாரி ஓடத் தொடங்கியும்
முழுதாக எழவில்லை.
வாசற்கதவின் கீல் ஒன்று கழன்று தொங்கியது.
கஸானிலிருந்து அக்கா போட்ட கடிதம் பிரிபடாமல்
தேநீர்க் குவளைக்கு அடித்தட்டாய்க் கிடந்தது.
"இல்கிஸார் எப்படி இருக்கிறான்?" என்று கேட்டால்
"இருக்கிறான்" என்பார்கள்.
அதுவே முழுப் பதில்.

என் சோம்பலுக்குக் கொம்பு முளைத்திருந்ததாக
நினைத்துவிடாதீர்கள்.
அது தொப்பி போட்டிருந்தது.
தஸ்பீஹ் உருட்டியது.
"அல்லாஹ் மன்னிப்பவன்" என்று
போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிடும்.
"எழுதியதுதான் நடக்கும்" என்று
விளக்கை அணைக்கும்.
"நாளைக்கு, இன்ஷா அல்லாஹ்."
அந்த நல்ல சொல்லை
எத்தனை நாள் தலைக்கு வைத்துத் தூங்கியிருப்பேன்!

கூரைப் பனியைத் தள்ள ஏறிய ஃபானிஸ்
பனியோடு சேர்ந்து இறங்கினான்; கால் முறிந்தது.
மரப் பள்ளிவாசலில் சுபுஹுக்கு முன்
அடுப்பு மூட்டுவது அவன் பொறுப்பு.
"நீ சும்மாதானே இருக்கிறாய்" என்று
சாவியை என் மேசையில் வைத்துப் போனாள் அவன் மனைவி ஸாஜிதா.
உள்ளங்கை நீளம். கறுத்த இரும்பு.
சும்மா இருப்பவனுக்கு ரொம்பவே கனம்.

நான்கு நாள் போனேன்.
ஐந்தாம் நாள் மைனஸ் இருபத்தேழு.
தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்றது
கைப்பேசிக்குள்ளிருந்து பாங்கு.
"இந்தக் குளிரில் எவன் வருவான்?" என்றான்
பக்கத்தில் படுத்திருந்த தொப்பிக்காரன்.
நியாயமாகத்தான் பட்டது.

விடிந்து, வெகுநேரம் விடிந்து,
ரொட்டி வாங்கப் போகும் வழியில் பார்த்தேன்.
பூட்டிய கதவுக்கு வெளியே
பனியில் முழங்கால் தடங்கள், கைத் தடங்கள்.
கிப்லாவை நோக்கி நெற்றி அளவில் இரண்டு குழிகள்,
ஒன்று முன்னால், சற்றுச் சிறியது பின்னால்.
மூச்சுச் சூட்டில் இளகி, மறுபடி உறைந்து
கண்ணாடியாய் மின்னின.
ஓரத்தில் சறுக்குவண்டியின் இரு கோடுகள்
வந்து, நின்று, திரும்பியிருந்தன.
கால் முறிந்தவனும் வந்திருக்கிறான்.
உட்கார்ந்தபடி தொழுதிருக்கிறான்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
கடையில் எனக்கு முன்னால் நின்ற
மாட்டு வைத்தியர் ரஃப்கத் ஸலாம் சொன்னார்.
ரொட்டி இன்னும் சூடு ஆறவில்லை என்றார்.
அவர் நெற்றி சிவந்திருந்தது.
அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.

அன்றிரவு சாவியைச் சட்டைக்குள் போட்டுப் படுத்தேன்.
நெஞ்சில் சுட்டது. குளிரும் சுடும்.
ஐந்து மணிக்குத் தொப்பிக்காரன் ஆரம்பித்தான்.
நான் வாயைத் திறக்கவில்லை;
பேசினால் ஜெயித்துவிடுவான்,
என்னைவிட அவனுக்கு மார்க்கம் தெரியும்.
வலது காலை மட்டும் தரையில் வைத்தேன்.
என் நிய்யத் அவ்வளவுதான், ஒரு கால்.
மிச்ச உடம்பு முனகிக்கொண்டே பின்னால் வந்தது.

வாளியில் ஐஸ் ஏடு. முட்டியால் உடைத்தேன்.
ஒளுத் தண்ணீர் முழங்கையில் வழிந்தபோது
"யா அல்லாஹ்" என்று கத்திவிட்டேன்.
பக்தியா, குளிரா, இன்றுவரை தெரியாது.
அவன் இரண்டையும் எடுத்துக்கொள்வான் என்று நம்புகிறேன்.

பிர்ச் மரத்தின் பட்டை சட்டென்று பற்றும்.
கட்டை என் ஜாதி; லேசில் பற்றாது.
குந்தி உட்கார்ந்து ஊத வேண்டும்,
கண் எரிய, சாம்பல் மூக்கில் ஏற.
ஊதும்போது காதில் விழுந்தது:
என் மூச்சு முழுக்க
ஹூ, ஹூ என்றுதான் போய்க்கொண்டிருந்தது.

ரஃப்கத் வந்து பூட்ஸைத் தட்டினார்.
வெளியே சறுக்குவண்டி கிறீச்சிட்டது.
"கதகதப்பாக இருக்கிறதே" என்றான் ஃபானிஸ்.
அதற்குமேல் யாரும் பேசவில்லை.
வரிசையில் நின்றோம்.

கதவின் கீல் இன்னும் தொங்குகிறது.
அக்காவுக்குப் பாதிக் கடிதம் எழுதியிருக்கிறேன்.
தொப்பிக்காரன் எங்கும் போய்விடவில்லை;
நான் கிளம்பியதும் என் போர்வைக்குள்
அவன் புகுந்துகொள்கிறான்.
தூங்கட்டும், பாவம்.
இரவெல்லாம் பேசிக் களைத்தவன்.