படுத்திருக்கும் எழுத்து

போலுங்கார்விக் துறைமுகத்தில்
காலை ஒன்பதுக்கும் இருட்டு.
கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு எரிகிறது.
அதன்மேல் காட் மீனின் ஒரு பாதியைக் கிடத்திப்
புழு தேடுகிறாள் கிராஷினா.
துண்டுக்கு எட்டு நொடி.

புழு கிடைக்காதபோது
கண்ணில் படுவது வேறு.
தசை நேராக ஓடவில்லை.
மடிந்து, திரும்பி, மறுபடி மடிந்து
ஒவ்வொரு வரியும்
பக்கவாட்டில் படுத்த ஒரு டபிள்யூ.
வாட்ஸ்வாஃபின் முதல் எழுத்து.
கதான்ஸ்கில் விட்டுவந்த ஆள்
நாளுக்கு மூவாயிரம் முறை
மேசையில் வந்து படுக்கிறான்.
சிரிப்பு வரும். கத்தி நிற்காது.

கடலைக்காரன்
கூம்புக்குள் கூம்பாகச் செருகிவைத்த காகிதம் போல
(இது என் உவமை.
அவள் ஊரில் கடலை டப்பாவில் வரும்)
தலைமுதல் வால்வரை ஐம்பது சொச்சம்.
நடுவே வெங்காயச் சருகினும் மெல்லிய சவ்வு.
எந்தத் துண்டும் தனியே நீந்துவதில்லை.
தன் பங்குக்குக் கொஞ்சம் சுருங்கும்.
இழுப்பைச் சவ்விடம் கொடுக்கும்.
சவ்வு அடுத்ததிடம்.
இடது சுருங்க வலது விட்டுக்கொடுக்க
கடைசியில் வால் போய்த்
தண்ணீரை அறையும்.

தோலடியில் நூலளவு சிவப்புப் பட்டை.
நாள் முழுக்க உழைப்பது அதுதான்.
மிச்ச வெள்ளை அத்தனையும்
எப்போதோ ஒரு பாய்ச்சலுக்காகக்
காத்துக் கிடக்கும் சதை.
பாய்ந்தால் சீக்கிரமே களைத்துவிடும்.
அதைத்தான் கிலோ கணக்கில் வாங்குகிறோம்.

கண்ணுக்குக் கயல் என்றோம், சேல் என்றோம்.
விலாவை யார் பார்த்தோம்?

சில துண்டுகளில் சவ்வு விட்டிருக்கும்.
வரிக்கு வரி வாய் பிளந்து
விளக்கு வெளிச்சம் நேரே மேலே வரும்.
"ரொம்பப் போராடியிருக்கும்,"
நிமிராமலே சொல்வார் ஹால்பியோர்ன்.
"இரண்டாம் தரம். நீலப் பெட்டி."
மல்லுக்கட்டாமல் செத்தது
வெள்ளைப் பெட்டிக்கு.

வேலை முடிந்ததும் நகராட்சிக் குளத்துக்குப் போனாள்.
வலது தோள் கழன்றதுபோல் வலித்தது.
கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு
முதுகை மட்டும் நெளித்துப் பார்த்தாள்.
ஒரு சாண்கூட நகரவில்லை.
சுடுநீர்த் தொட்டியிலிருந்து சோல்ருன் கூவினாள்:
"என்ன பண்ணுகிறாய்?"
"ஒன்றுமில்லை.
எனக்கு மடிப்பு போதவில்லை."
இருவருக்கும் இடுப்புச் சதை குலுங்கியது.

மறுநாள்
பிளந்த துண்டு ஒன்றை
விளக்கின்மேல் எட்டு நொடிக்கும் அதிகமாகவே வைத்திருந்தாள்.
பிறகு அதை
வெள்ளைப் பெட்டியில் போட்டாள்.

யாரும் கவனிக்கவில்லை.
மீனும்தான்.