பன்னிரண்டு செக்கன்

மாதம் பதினைந்து டொலர்.
ஏழு வருசம்.
கம்பனிக்காரன் தந்த பெட்டிக்கு
நான் கட்டிய வாடகையில்
நாலைந்து பெட்டி சொந்தமாகவே வாங்கியிருக்கலாம்.
கணக்குப் பார்த்த அன்றைக்கே
அதைக் கழற்றித் தபாலில் திருப்பி அனுப்பினேன்.
ஏஜக்ஸில் அன்று மைனஸ் பத்தொன்பது.
தபால்காரப் பெண் "என்ன உள்ளே" என்றாள்.
"வாடகை" என்றேன்.

புது ரவுட்டருக்கு நாலு கொம்பு.
நானே வாங்கினது, நானே பூட்டினது.
போனுக்கு வந்தது, மடிக்கணினிக்கு வந்தது,
பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிற சஞ்சீபன்
"அக்கா, பறக்குது" என்று செய்தி போட்டான்.
ரீவி மட்டும்
பன்னிரண்டு செக்கன் ஓடி நின்றது.

அந்தச் செனல் இரவு முழுக்க
ஒரே நிகழ்ச்சியைத்தான் திருப்பித் திருப்பிப் போடும்.
சிம்கோ ஏரி. பனியில் ஒரு துளை.
செம்மஞ்சள் தொப்பிக்காரன் தூண்டில் இறக்குவான்.
நூல் துடிக்கும்.
அவ்வளவுதான்.
ஏரி ஏற்கெனவே உறைந்தது,
இப்போது அவனும்,
அவன் வாயிலிருந்து கிளம்பிய ஆவியும்
பாதி வழியில்.

செனலை மாற்றித் திரும்பி வந்தால்
இன்னொரு பன்னிரண்டு.

கம்பனிக்கு எடுத்தேன்.
முப்பத்தைந்து நிமிட வயலினுக்குப் பிறகு
ஒரு பிள்ளை பணிவாகச் சொன்னான்:
"அது எங்கள் பெட்டி இல்லையே, அம்மா."

தண்டர்பேயில் ட்ரக்கை நிறுத்திவிட்டுக் கதைத்த குகநேசன்
"பதினைஞ்சு டொலருக்காக நித்திரையைக் கெடுக்கிறாய்" என்றார்.
அதுக்காக இல்லை என்றேன்.
பின்னே எதுக்கு என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
என்னிடமும் பதில் இல்லை.

மூன்றாம் இரவுதான் விளங்கியது.
முதல் பன்னிரண்டு செக்கனை
எனக்கென்று தனியாக ஊட்டிவிடுகிறார்கள்.
பிறகு பொதுப்பந்தி.
தெரு முழுக்க ஒரே பரிமாறல்,
கையைத் தூக்கி "இங்கேயும்" என்ற வீட்டுக்குத்தான் சோறு.
ரீவி பாவம், தூக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
என் நாலுகொம்பன்
அந்தக் குரலை வாசலிலேயே மறித்துவிட்டான்.

எங்கோ ஒன்பதாவது பக்கத்தில், ஒரு சின்னக் கட்டம்.
சரி போட்டேன்.
பதின்மூன்று.
பதினாலு.
இருபது.
தொப்பி அசைகிறது!
வாயைப் பொத்திக்கொண்டு சோபாவில் குதித்தேன்,
நாற்பத்தாறு வயதில்.

கீழிருந்து செய்தி:
"அக்கா, நெற் செத்துப்போச்சு. நாளைக்குச் சோதனை."

பந்தி எல்லாருடைய இலையிலும் விழுந்திருக்கிறது.
பசி இல்லாதவன் போனில்,
சுவரில் இருக்கிற ஹீற்றர் பொத்தானில்,
தாள் இல்லாமல் கிடக்கும் பிரிண்டரில்,
எல்லாவற்றிலும் அந்த ஏரி கொட்டிக்கொண்டே.
பிரிண்டருக்கு மீன் பிடிக்க என்ன தலையெழுத்து?

இன்னொரு கட்டம் தேடினேன்.
கேட்டவருக்கு மட்டும் கொடு என்று அர்த்தம்.
சரி போட்டேன்.
கீழே கொஞ்ச நேரம் அமைதி,
பிறகு ஒரு மஞ்சள் கட்டைவிரல்.

இரண்டு நிமிசத்துக்கு ஒருக்கால்
ரவுட்டர் கேட்குமாம், இன்னும் இருக்கிறியா?
ரீவி சொல்லுமாம், ஓம்.
இவ்வளவு காலமும்
என் வீட்டுக்குள் யாரோ யாரையோ
இப்படி விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.
தண்டர்பேக்கு ஒரு செய்தி தட்டினேன்:
படுத்தாச்சா?

நூல் துடித்தது.
அவன் கையுறையைக் கழற்றி,
ஒவ்வொரு முழமாக இழுத்தான்.
மூன்று இரவு காத்த மீன்
ஒரு சாண்கூட இல்லை.
அவன் அதைப் பார்த்தான்.
திருப்பித் துளைக்குள் விட்டான்.

அடுத்த மாத பில்லில்
பெட்டி வாடகை, பதினைந்து டொலர்.
பெட்டி வந்து சேரவில்லையாம்.
போனை எடுத்தேன்.
வயலின்.