பக்கத்து வீடு

ரசப்பொடி என்று மட்டும் போட்டபோது
பதினொரு பொட்டலம்.
அதிலும் நான்கு என் தங்கை வாங்கியது.

'இரண்டு பிள்ளைகளைத் தனியாளாய் வளர்க்கும் தாய்,
புக்கிட் பாஞ்சாங் அடுப்படியிலிருந்து'
என்று ஒரு வரி சேர்த்தேன்.
அப்போது அது பொய்யில்லை.
மறுநாள் காலைக்குள் மிளகு தீர்ந்துவிட்டது.

விலை கேட்கும் முன் பிள்ளைகளைக் கேட்கிறார்கள்.
பேநவ்வில் இரண்டு வெள்ளி கூடுதலாக விழும்,
'மனந்தளராதீங்க சிஸ்டர்' என்ற குறிப்போடு.
தளரவில்லை என்று எப்படிச் சொல்வது?
ஜனவரியில் பதிவுத் திருமணம் முடிந்தது.

மாசிலன் பேருந்து ஓட்டுகிறார், இரவு ஷிப்ட்.
பகலில் முகவரிச் சீட்டு ஒட்டித் தருவார்.
படத்தில் விழும் அவர் கட்டைவிரலை
நான்தான் வெட்டியெடுப்பேன்.

நேற்று மாலை நேரலை.
மிக்சி மூடியைத் திறந்தேன்;
கேமராவுக்குப் பின்னால்
மூச்சடக்கி நின்றவர்
தும்மிவிட்டார்.

யாரது சிஸ்டர்? என்று திரையில் ஓடியது.
பக்கத்து வீடு, என்றேன்.
இங்கே சுவர் மெல்லிசு.

அறுபத்திரண்டு ஆர்டர்.

நள்ளிரவு தாண்டி வேலை முடிந்து வந்தவர்
சாவி கையில் இருந்தும்
கதவைத் தட்டினார்.