புள்ளி வைத்த பெயர்கள்

கடைசி ரயில் போனபின்
கடற்பக்க யன்னலைச் சாத்திவிட்டு
ஆயிரத்து நானூற்றுப் பதினேழுக்குள் இறங்குகிறேன்.
ஒரு பெயருக்கு நாலரை ரூபாய்.
வாசிக்க முடியாத பெயருக்கும் அதேதான்.

தோற்சுருளின் படம், மண்ணிற மை.
கப்பலேறப் போகும் வில்லாளிகள்
தலைவன் பெயருக்குக் கீழே ஒருவர்பின் ஒருவராக நிற்கிறார்கள்,
நாளுக்கு ஆறு பென்ஸ்.
ரொட்டி சுட்டவன் மகன், ஓடையடியில் இருந்தவன்,
நரி என்று ஒருவன். ஏன் நரி என்று எழுதவில்லை.

லங்கஷயரில் இருக்கும் ஒரு கிழவருக்காகத் தேடுகிறேன்.
லங்கஷயர். எழுத்துப் பிழையோ என்று
இரண்டு தரம் பார்த்தேன்.
அவர் குடும்பப் பெயருக்கு வெள்ளை வயல் என்று பொருளாம்.
வெள்ளை வயல்காரனை
வெள்ளவத்தையில் இருந்து தேடுகிறேன்.

பெயர் கேட்ட எழுத்தனின் காதில் கடற்காற்று போலும்.
ஒரே ஆள் மூன்று சுருளில் மூன்று விதம்:
விட்டேக்கர், வைட்டகர், குவிட்டாக்ரே.
எனக்கு இது புதினமில்லை.
பிறப்புச் சான்றிதழில் நான் தவரஞ்சினி,
அடையாள அட்டையில் தவரன்ஜனி,
வங்கிப் புத்தகத்தில் தாவராஞ்சி.
மூன்று பேருக்கும் ஒரே பல்வலி.

சில பெயர்களுக்கு முன்னால் ஒரு புள்ளி.
கூப்பிட்டபோது ஆள் நின்றான் என்று அர்த்தம்,
பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்.
எங்கள் நெடுங்கணக்கில் புள்ளி விழுந்தால்
உயிர் போய்விடும், மெய் மட்டும் நிற்கும்.
அவர்களுக்கோ
புள்ளி விழாதவன்தான் போனவன்.

கொட்டாஞ்சேனை லொட்ஜில் பதினொரு மாதம் இருந்தோம்.
பொலிஸ் படிவம், மூன்று பிரதி.
வந்த காரணம், எத்தனை நாள், யார் பொறுப்பு.
விடியப்புறம் மூன்று மணிக்கு டோர்ச் வெளிச்சத்தில்
பெயர் வாசித்தார்கள்.
அப்பா சாரத்தை இறுக்கிக்கொண்டு படியில் நின்று
ஓம் என்றார்.
பேனை ஒரு புள்ளி வைத்தது.
ஒன்பதாம் அறைப் பெடியனின் பெயரை
இரண்டு தரம் வாசித்தார்கள்.

அந்தத் தாள்கள் இப்போது எந்தப் பெட்டிக்குள்ளோ.
கறையான் விட்டுவைத்தால்
அறுநூறு வருடத்துக்குப் பிறகு எவளோ ஒருத்தி
பெயருக்கு இவ்வளவு என்று பேசி
எங்களைத் தட்டச்சு செய்வாள்.
என் பெயருக்கு முன்னால்
நா. என்பதைப் பார்த்துத் திகைப்பாள்:
இதென்ன, ஒரெழுத்துக் குடும்பமா?

அது அப்பா, பிள்ளை.
அவருக்கு முன்னால் ஒரு க. இருந்தது, அது அவருடைய அப்பா.
அதற்கு மேல் எங்களிடம் எழுத்தில்லை.
தலைமுறைக்கு ஒரு பெயரை
வழியில் இறக்கிவைத்துவிட்டு நடந்துவிட்டோம்.
சுமை குறைவு.
திரும்பிப் போகத்தான் தடமில்லை.

முந்தநாள் விட்டேக்கர் அகப்பட்டான்.
இரண்டு பேர்.
ஒருவனுக்குப் புள்ளி.
மற்றவனுக்கு முன்னால் வெறும் தோல்,
ஓரத்தில் நோயாளி என்று ஒரு சொல்.
அடுத்த சுருளில் அவன் இல்லை,
அதற்கடுத்ததிலும் இல்லை,
சம்பளம் இல்லாமலேயே நான்கு சுருள் பார்த்தேன்.
இருவரையும் அனுப்பினேன்.
கிழவர் புள்ளிக்காரனை எடுத்துக்கொண்டார்.
யார்தான் மற்றவனைக் கேட்பார்கள்.

இன்று காலை மின்னஞ்சல்.
கம்பனிப் படிவத்தில் குடும்பப் பெயருக்குச் சிவப்பு நட்சத்திரம்,
வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
அதனால் அப்பாவை எழுதியிருந்தேன்.
‘அன்புள்ள திரு. நாகமுத்து,
என் ஆளைக் கண்டுபிடித்துத் தந்தீர்கள்.
நீங்கள் நலமாக இருக்கிறீர்களா?’

அப்பா போய் ஏழு வருடம்.

நான் மகள், அவர் இல்லை என்று
ஒரு வரி அடித்தேன். அழித்தேன்.
யன்னலைத் திறந்தேன். பாணந்துறை ரயில்
வாசலில் தொங்கும் ஆட்களோடு போயிற்று,
யாரும் எண்ணவில்லை.

ஓம் என்று மட்டும்
பதில் போட்டேன்.