பதினோராவது தலை

பெம்ப்ரோக் கரையோரம் முப்பது வருடம்
பள்ளிப் பேருந்து ஓட்டியவன் நான்.
தலை எண்ணாமல் வேலிப்படி தாண்ட வராது.
செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் இளையவனும் நான்தான்,
அறுபத்தெட்டு.

முதல் வேலிப்படியில் பதினொன்று.
பார்லி வயல் விளிம்பில் பதினொன்று.
(காளை ஒன்றும் எங்களை எண்ணிப் பார்த்து
சலித்துப்போய் விட்டுவிட்டது.)
கடல் திறந்த முனையில்
காற்று தொப்பிகளைப் பிடுங்க,
பத்து.

மறுபடியும் பத்து.

க்ளெனிஸ் விசில் ஊதினாள்.
ஐவோர் முட்புதருக்குள் கைத்தடி விட்டுத் துழாவினான்.
மெரெரிட் மட்டும்
பாறைக்குக் கீழே எட்டிப் பார்க்கவில்லை.
புதரின் மஞ்சள் பூ
தேங்காய்போல் மணத்தது, நேரங்கெட்ட நேரத்தில்.

பிறகு சேற்றில் இரண்டு மைல், பேச்சில்லாமல்.

பப் வாசலில் பூட்ஸ் கழற்றக் குனிந்தால்
எனக்கு முன்பே அங்கே ஒரு ஜோடி,
காய்ந்து, ஒழுங்காக.

உள்ளே கணப்பருகில் எம்ரிஸ்.
பாதி பியர், முக்கால் மீன்.
"முழங்கால் மக்கர் பண்ணிச்சு. பஸ் வந்தது, ஏறிட்டேன்.
ஏன் இவ்வளவு நேரம்?"

மெரெரிட் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
எதிரே உட்கார்ந்து
கணவன் தட்டிலிருந்த உருளை வறுவலை
ஒன்றுவிடாமல் தின்று தீர்த்தாள்.

பில் எழுத வந்த பெண் கேட்டாள்,
பத்துப் பேரா, பதினொன்றா?

தெரிந்ததுதான்.
இருந்தாலும் எழுந்து நின்று எண்ணினேன்.