காலி வண்டி எடை

அயோத்தியாபட்டணம் எடைமேடையில்
எனக்கு இரவுப் பணி.
பில் அடிக்கிற கணினியில்
முதலாளி மகன் எப்போதோ ஏற்றிவிட்டுப் போன
செஸ் ஆட்டம் ஒன்று கிடந்தது.
நாற்பது நாள் அதனிடம் தோற்றேன்,
கிழங்கு லாரி வராத நேரத்தில்.
உண்மையைச் சொன்னால், வந்த நேரத்திலும்.

அப்புறம்தான் உறைத்தது:
அதுவும் ஓர் எடைமேடை.
சிப்பாய் ஒன்று, குதிரை மூன்று,
யானை ஐந்து, ராணி ஒன்பது.
தட்டில் ஏறியதை நிறுக்கும்.
ஏறாதது அதற்குத் தெரியாது.

ஓரத்துச் சிப்பாய் ஒன்றை அநாதையாக விட்டேன்.
ராணி ஓடிவந்து தின்றாள்.
நடுவில் சிப்பாய்களை முட்டுக்கு முட்டு நிறுத்தி
வழியை அடைத்தேன்.
அடைத்ததும் அதற்கு வேலை இல்லை.
யானையை ஒரு கட்டம் தள்ளும், திரும்ப இழுக்கும்,
ஜங்ஷனில் பெட்டி மாற்றும் எஞ்சின் மாதிரி.
நான் டீ குடித்தேன்.
குதிரைகளை நடத்தியே கூட்டிப்போய்
அதன் ராஜா வீட்டு வாசலில் கட்டினேன்.

ஏழு நகர்த்தல்வரை அதற்குக் கண் தெரியும்.
எட்டாவது,
வடக்கே ஏற்காட்டு மலையில்
வளைவு திரும்பிய பஸ்ஸின் விளக்கு.
இல்லையென்றால் இல்லை.
சாவு ஏழுக்குள் வந்தபின்
ஒரு மந்திரியைக் கொடுத்தது, ஒரு யானையைக் கொடுத்தது,
அசலை மறந்து வட்டி கட்டுகிறவன் போல
நாளைக்கு, நாளைக்கு என்று.

மறுநாளும் அதே சிப்பாய். அதே பசி.
பன்னிரண்டு இரவு ஒரே ஆட்டம்,
ஒரு கட்டம் பிசகாமல்.
கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

பதிமூன்றாம் இரவு கரண்ட் போனது.
வெளியே வந்தேன்.
கிழங்கை இறக்கிவிட்டுத் திரும்பிய மாதையன் லாரி
மேடைமேல் நின்றது,
பின்சக்கரம் மட்டும் ஒரு சாண் வெளியே
தரையில் சௌகரியமாக.
காலி வண்டி எவ்வளவு குறையுமோ
கிழங்கு அவ்வளவு கூடும்.

எத்தனை நாளாக என்றேன்.
அவன் ஒளிக்கவில்லை.
"ராஜாவைப் புடிக்கப்போற நேரத்துல
திரைக்குள்ள குனிஞ்சிருவீங்க.
ஜன்னல்ல உச்சந்தலைதான் தெரியும்.
அப்பப் பாத்து ஏத்துவோம்.
இந்த ரோட்டுல எல்லாருக்கும் தெரியும்ணே."

கரண்ட் வந்தது.
கணினி முதலிலிருந்து எழுந்தது;
பாதியில் விட்ட ஆட்டம் அதற்கு ஞாபகமில்லை.
நான் உள்ளே போகாமல் நின்றேன்.
கொஞ்சம் முன்னால் எடு என்றேன்.
அரை அடி எடுத்தான்.
இன்னும், என்றேன்.